பொய்ப்பல்லின் மெத்தை

வெற்றிலை இடிக்கும் சிற்றுரலைப் பழைய தென்னார்க்காடு மாவட்டத்தில் அறியாதார் இலர். திண்டிவனத்திலிருந்து விழுப்புரம் வரையில் உள்ள ஊர்களில், பல் விழுந்த முதியோர் திண்ணையில் அமர்ந்து, கையடக்கமான இரும்புரலில் வெற்றிலையையும் பாக்கையும் இட்டு இடிக்கும் ஓசை மாலைப்பொழுதின் ஓசைகளுள் ஒன்றாக இருந்தது. பல் செய்யவேண்டிய தொழிலை அங்கே இரும்பு செய்தது. 1993-ஆம் ஆண்டில் விழுப்புரம் தனி மாவட்டமாயிற்று. அதற்கும் முன்பிருந்தே அந்தச் சிற்றுரலின் இடத்தைப் பொய்ப்பல் வரிசை சிறிது சிறிதாகப் பற்றிக்கொண்டு வந்தது.

பொய்ப்பல் வந்ததும் முதியோரின் துன்பமெல்லாம் தீர்ந்துவிடவில்லை. பல்லை மாட்டிக்கொண்டால் ஈறு நோகிறது என்று பலர் அதை மாடத்தில் வைத்துவிட்டனர், இன்றும் வைக்கின்றனர். இந்நோவைத் தணிப்பதற்காகப் பல் மருத்துவர்கள், பொய்ப்பல் தட்டின் உட்புறத்தில், ஈறு படும் பக்கத்தில், மெத்தென்ற ஒரு பூச்சை இடுகின்றனர். 'சாஃப்ட் லைனர்' என்பது மருத்துவமனையில் அதற்கு வழங்கும் பெயர். நாம் அதனை மெத்தைப் பூச்சு என்று அழைப்போம். புதிதாக இட்ட அன்று அது இரப்பர் போல் மெத்தென்று இருக்கிறது. சில வாரங்களிலோ சில மாதங்களிலோ இறுகிவிடுகிறது. ஏன் இறுகுகிறது? இறுகாத பூச்சு ஒன்றைத் தேடி மனிதர் எவ்வாறு முயன்றனர்? இவ்விரண்டும் நாம் இன்று ஆராயவேண்டிய வினாக்கள். இதன் சரித்திரம் ஏறத்தாழ நூற்றைம்பது ஆண்டுச் சரித்திரமாகும்.

முதலில், மெத்தை எதற்காக வேண்டும் என்பதைத் தெளிந்துகொள்வோம். இயற்கைப் பல் தாடை எலும்பில் நேரடியாக நட்டுவைத்த முளையன்று. பல்லின் வேருக்கும் எலும்புக்கும் இடையே மெல்லிய நார்த்திசு ஒன்று தொட்டில் கயிறு போல் நின்று பல்லைத் தாங்குகிறது. ஒரு தாடையிலுள்ள பற்கள் அனைத்தின் நார்த்திசுவையும் விரித்து அளந்தால் ஏறத்தாழ 45 சதுர சென்டிமீட்டர் பரப்பு வரும் என்பது பல் மருத்துவ நூல்கள் தரும் கணக்கு. பற்கள் எல்லாம் விழுந்தபின் பொய்ப்பல் தட்டைத் தாங்குவதற்கு ஈற்றின் மேற்பரப்பு மட்டுமே எஞ்சுகிறது. அது மேல்தாடையில் ஏறத்தாழ 23 சதுர சென்டிமீட்டரும், கீழ்த்தாடையில் 12 சதுர சென்டிமீட்டரும்தான். சுமை தாங்குவதற்கென்று அமையாத மெல்லிய தசை, தனக்கு உரியதல்லாத சுமையைக் குறுகிய இடத்தில் தாங்க நேர்கிறது.

அதுவும் நிலையாக இருப்பதில்லை. பல் விழுந்த இடத்து எலும்பு ஆண்டுக்காண்டு தேய்ந்துகொண்டே வருகிறது. பொய்ப்பல் அணிந்தோரை 25 ஆண்டுகள் தொடர்ந்து கவனித்து, டால்கிரென் என்னும் ஆராய்ச்சியாளர் 1972-இல் தம் முடிவுகளை வெளியிட்டார். கீழ்த்தாடையின் முன்பகுதி எலும்பு, மேல்தாடையினதைப் போல் ஏறத்தாழ நான்கு மடங்கு குறைகிறது என்பது அதன் சாரம். வரப்பு கரைந்து கத்தி முனை போல் கூரிய விளிம்பாக நிற்க, அதன்மேல் போர்த்திய ஈறு, கீழே எலும்புக்கும் மேலே கடினமான தட்டுக்கும் நடுவே அகப்பட்டு நசுங்குகிறது. முதியோர் "ஈறு வலிக்கிறது" என்று சொல்வதன் பொருள் இதுவே. இரண்டு அல்லது மூன்று மில்லிமீட்டர் கனத்தில் இடப்படும் மெத்தைப் பூச்சு, அந்த அழுத்தத்தைப் பரப்பி ஈற்றைக் காக்கிறது.

இனிச் சரித்திரத்துக்கு வருவோம். பதினெட்டாம் நூற்றாண்டில் பொய்ப்பல் தட்டுகளை யானைத் தந்தத்திலும் நீர்யானைத் தந்தத்திலும் செதுக்கினர். அமெரிக்காவின் முதற் குடியரசுத் தலைவர் ஜார்ஜ் வாஷிங்டன் 1789-இல் பதவி ஏற்றபோது அவர் வாயில் இயற்கைப் பல் ஒன்றே ஒன்றுதான் எஞ்சியிருந்தது. நாட்டின் தலைவர்க்கே வாய்த்தது கனத்த, கடினமான, நோவு தரும் தட்டுத்தான். ஏழை எளியோர்க்கு அதுவும் கிட்டவில்லை.

இந்நிலையை மாற்றியது இரப்பர். சார்லஸ் குட்இயர் என்பவர் இரப்பரைக் கந்தகத்தோடு சேர்த்துச் சூடாக்கிப் பக்குவப்படுத்தும் முறையைக் கண்டு, 1844-இல் அதற்குக் காப்புரிமை பெற்றார். கந்தகத்தை மிகுதியாகச் சேர்த்தால் இரப்பர் கொம்பு போல் கெட்டியாகிறது. அவர் தம்பி நெல்சன் குட்இயர் 1851-இல் அக்கெட்டி இரப்பருக்குக் காப்புரிமை பெற்றார். 'வல்கனைட்' என்று பெயர் பெற்ற அப்பொருள், தந்தத்தை விட மலிவானது; வாயின் அச்சுக்கு ஏற்றவாறு வார்த்தெடுக்கவும் இசைந்தது. பொய்ப்பல் பொதுமக்கள் கைக்கு எட்டியது அதன் பின்னரே.

கெட்டி இரப்பர் தட்டுக்கு மென்மையான இரப்பரையே உள்மெத்தையாக இட்டால் என்ன என்ற எண்ணம் இயல்பாகவே எழுந்தது. 1869-ஆம் ஆண்டளவில் அம்முயற்சி தொடங்கியது. ஆனால் மென்மையான இயற்கை இரப்பர் வாயின் ஈரத்தை உறிஞ்சியது, நாற்றமெடுத்தது, நாளடைவில் தன் தன்மை கெட்டது. பழைய மிதிவண்டிக் குழாய் நாட்பட நாட்பட வெடித்து மக்கிப் போவதை நீங்கள் கண்டிருப்பீர்கள். காற்றிலுள்ள பிராணவாயு இரப்பரின் நெடிய மூலக்கூறுகளைத் தாக்குவதால் விளையும் மாறுதல் அது. மெத்தையின் முதல் முயற்சி இவ்வாறு தோல்வியிற் முடிந்தது.

இதற்கிடையில் நம் நாட்டில் பல் மருத்துவம் தனிக் கல்வியாக வேரூன்றத் தொடங்கியது. டாக்டர் ரபியுத்தீன் அகமது 1920-இல் கல்கத்தாவில் இந்தியாவின் முதற் பல் மருத்துவக் கல்லூரியை நிறுவினார். 1948-இல் பல் மருத்துவர் சட்டம் நிறைவேறியது. 1953-இல் சென்னை மருத்துவக் கல்லூரியின் ஒரு பிரிவாகப் பல் மருத்துவக் கல்வி தமிழகத் தலைநகரில் தொடங்கிற்று. அப்பிரிவே பின்னர்த் தமிழ்நாடு அரசு பல் மருத்துவக் கல்லூரியாக வளர்ந்தது. அம்மாணவர்கள் கற்கத் தொடங்கிய காலத்தில் வல்கனைட்டின் ஆட்சி முடிந்து, 1930-களின் பிற்பகுதியில் பல் மருத்துவத்துக்கு வந்த அக்ரிலிக் பிளாஸ்டிக் அதன் இடத்தைப் பிடித்துக்கொண்டிருந்தது. ஈற்றின் இளஞ்சிவப்பு நிறத்தையே கொண்ட அத்தட்டு கண்ணுக்கு இனியது. ஆயினும் கடினத்தில் அது வல்கனைட்டுக்கு இளைத்ததன்று. ஆகவே மெத்தையின் தேவை நீங்கவில்லை.

இந்நிலையில் உலகம் ஒரு புதிய உபாயத்தைக் கற்றிருந்தது. கடினமான பிளாஸ்டிக்கில் எண்ணெய் போன்ற ஒரு திரவத்தைக் கலந்து அதனை மென்மையாக்குவதே அவ்வுபாயம். 1926-இல் அமெரிக்காவில் வால்டோ செமன் என்பவர் வினைல் பிளாஸ்டிக்கை இம்முறையில் இளகச் செய்தார். மழைச்சட்டையும் மேசை விரிப்பும் மின்கம்பியின் உறையும் அதனால் உண்டாயின. திரவமாகச் சேரும் அப்பொருளுக்குப் 'பிளாஸ்டிசைசர்' என்று பெயர். நாம் அதனை இளக்கி என்போம்.

இளக்கி எவ்வாறு தொழில் செய்கிறது என்பதை நம் சமையலறையிலேயே காணலாம். உலர்ந்த இடியாப்பத்தின் இழைகள் ஒன்றோடொன்று பற்றிக்கொண்டு விறைத்து நிற்கும். சிறிது நல்லெண்ணெயை ஊற்றிப் பிசிறினால் இழைகள் ஒன்றின்மேல் ஒன்று வழுக்கி இளகும். பிளாஸ்டிக்கும் நெடிய இழைகளாலாகிய பொருளே. ஆனால் அவ்விழைகள் கண்ணுக்குத் தெரியாத மூலக்கூறுகள். அவற்றினிடையே இளக்கி புகுந்து விலக்கி நிற்கும் வரையில் அப்பொருள் மென்மையாக இருக்கிறது. இங்கே ஒன்றைக் கருத்தில் இருத்தவேண்டும்: இளக்கி அந்த இழைகளோடு இரசாயனப் பிணைப்பால் கட்டுண்டதன்று. இடையே தங்கியிருக்கிறது, அவ்வளவே. தங்க வந்தவன் ஒருநாள் புறப்படக் கூடும்.

1945-இல் இளக்கி கலந்த வினைல் பிளாஸ்டிக்கைப் பொய்ப்பல்லின் மெத்தையாக இடலாம் என்று முன்மொழிந்தனர். பின்னர் அக்ரிலிக் வகைகளிலும் அதே உபாயத்தைக் கையாண்டனர். தாலேட் என்னும் இனத்தைச் சேர்ந்த எண்ணெய் போன்ற பொருள்கள் பெரும்பாலும் இளக்கிகளாகப் பயன்பட்டன. பூச்சு இட்ட அன்று மெத்தென்றுதான் இருந்தது. ஆனால் வாய் என்பது ஓயாத நீரோட்டமன்றோ? 37 பாகை வெப்பத்தில், இரவும் பகலும் ஊறும் உமிழ்நீர் அப்பூச்சைக் கழுவிக்கொண்டே இருக்கிறது. இளக்கி துளித்துளியாக வெளியேறுகிறது. அதன் இடத்தில் சிறிது நீர் உட்புகுகிறது. இழைகள் மீண்டும் ஒன்றையொன்று நெருங்கிப் பற்றிக்கொள்கின்றன. பூச்சு சுருங்குகிறது, மேற்பரப்பு சொரசொரப்பாகிறது, ஈறு மீண்டும் நோகத் தொடங்குகிறது.

இங்கே திண்டிவனத்தாருக்கு ஒரு செய்தி உண்டு. அவ்வூரின் எண்ணெய்வித்து ஆராய்ச்சி நிலையம் இந்திய வேளாண்மையில் புகழ்பெற்றது. 1940-இல் வெளிவந்த 'டி.எம்.வி. 2' என்னும் நிலக்கடலை வகையின் பெயரில் உள்ள எழுத்துகள் திண்டிவனத்தையே குறிப்பன. கடலையும் கடலையெண்ணெயும் இப்பகுதியின் அன்றாட உணவு. தாலேட் இளக்கிகளோ நீரை விட எண்ணெயில் எளிதாகக் கரைபவை. ஆகவே எண்ணெய்ப் பசையுள்ள உணவு, மெத்தைப் பூச்சிலிருந்து இளக்கியை நீரை விட விரைந்து வெளியே இழுக்கிறது. இதனால் கடலை உண்ணக்கூடாது என்பது பொருளன்று. ஒரே பூச்சு ஒருவர் வாயில் நெடுநாள் மென்மையாக நிற்க, மற்றொருவர் வாயில் விரைவில் இறுகுவதற்கு உணவும் ஒரு காரணம் என்பதே பொருள். அணிந்தவர் குற்றமுமன்று, ஈற்றின் குற்றமுமன்று.

மெத்தைப் பூச்சுகளில் மிகக் குறுகிய ஆயுளுடையது, புண்பட்ட ஈற்றை ஆற்றுவதற்கென்று இடப்படும் தற்காலிகப் பூச்சு. 1960-களின் தொடக்கத்தில் அது பரவலாக வழக்கிற்கு வந்தது. அக்ரிலிக் வகைத் தூள் ஒன்றை, இளக்கியும் எத்தில் ஆல்கஹாலும் கலந்த திரவத்தில் குழைத்தால் கூழ் போன்ற பசை கிடைக்கிறது. ஆல்கஹால் தூளினுள் இளக்கியை விரைந்து புகச் செய்கிறது. புகுத்தியபின் தானே முதலில் வெளியேறிவிடுகிறது. பின்னாலேயே இளக்கியும் செல்லத் தொடங்குகிறது. ஆதலால் இப்பூச்சைச் சில நாள்களுக்கு ஒருமுறை மாற்றவேண்டும் என்பது விதி. மருத்துவர் அதன் குறுகிய ஆயுளை அறிந்தே இடுகிறார். மாற்றவேண்டிய நாளில் நோயாளி வராமல், அதனையே பல மாதங்கள் அணிந்திருக்கும்போதுதான் ஆற்றவந்த மருந்தே புண்ணுக்குக் காரணமாகிறது.

விழுப்புரம் மாவட்டத்து மாணவர்கள் இம்மாறுதலின் தன்மையை உணர்வதற்குத் தம் மண்ணிலேயே ஓர் எடுத்துக்காட்டு இருக்கிறது. வக்கிரகாளியம்மன் கோயிலால் பெயர்பெற்ற திருவக்கரையில் கல்மரங்கள் கிடக்கின்றன. பிரெஞ்சு இயற்கை ஆராய்ச்சியாளர் சொன்னெரா 1781-ஆம் ஆண்டிலேயே அவற்றைப் பற்றிக் குறிப்பெழுதினார். இன்று இந்தியப் புவியியல் ஆய்வுத்துறை அவ்விடத்தைப் பூங்காவாகப் பேணுகிறது. ஏறத்தாழ இரண்டு கோடி ஆண்டுகளுக்கு முன் வெள்ளத்தில் அடித்துவரப்பட்டு மணலில் புதைந்த மரங்கள் அவை. நிலத்தடி நீரில் கரைந்திருந்த சிலிக்கா, மரத்தின் நுண்ணறைகளுக்குள் சிறிது சிறிதாகப் புகுந்து படிந்தது. மரப்பொருள் சிறிது சிறிதாக நீங்கியது. மரத்தின் வடிவம், பட்டையின் தோற்றம், ஆண்டு வளையம் எல்லாம் அப்படியே இருக்க, பொருள் மட்டும் கல்லாயிற்று. வாயிலுள்ள மெத்தைப் பூச்சில் நிகழ்வது வேறுவகை மாறுதலே. அங்கே கல் எதுவும் உண்டாவதில்லை. ஆனால் ஒரு பொருள் நீங்க, மற்றொன்று புக, பார்வைக்கு முன்போலவே இருந்துகொண்டு தன்மையில் மட்டும் மாறிவிடுவது இரண்டுக்கும் பொது. அதனால்தான் முதியவர் தம் பல்தட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தும், "எல்லாம் சரியாகத்தானே இருக்கிறது" என்று எண்ணி நோவைப் பொறுத்துக்கொள்கிறார்.

கண்ணுக்குத் தெரியாததை அளந்துகாட்ட விஞ்ஞானம் கருவி செய்தது. 'ஷோர் ஏ' என்னும் அளவுகோலுள்ள கருவியின் சிறு முள் பூச்சின்மேல் அழுந்தும்போது, அது எவ்வளவு எதிர்த்து நிற்கிறது என்பதை எண் காட்டுகிறது. எண் உயர உயரக் கடினம் மிகுதி. நெடுநாள் மெத்தைப் பூச்சுகளுக்கு உலகத் தரக் கட்டளை ஒன்று உண்டு. 37 பாகை நீரில் ஊறவைத்து, 24 மணி நேரத்திலும் 28 நாள்களிலும் பூச்சின் கடினத்தை அளக்கவேண்டும் என்று அது விதிக்கிறது. முதல் நாளின் மென்மை மட்டும் போதாது, அது நிலைக்கவும் வேண்டும் என்பதை இவ்விதி ஏற்றுக்கொண்டிருக்கிறது.

நிலைக்கும் மென்மை எங்கிருந்து கிடைத்தது? திருவக்கரையில் மரத்தைக் கல்லாக்கிய அதே சிலிக்கன்தான் இங்கே மென்மைக்குத் துணைவந்தது என்பது வியப்புக்குரியது. மணலில் சிலிக்கனும் பிராணவாயுவும் நாற்புறமும் இறுகப் பின்னிக் கிடக்கின்றன. அவ்விரண்டையும் ஒரே நெடிய இழையாக மாறிமாறிக் கோத்து, பக்கங்களில் கரிமத் தொகுதிகளைத் தொங்கவிட்டால் கிடைக்கும் பொருளே சிலிகோன். இங்கிலாந்தில் கிப்பிங் என்பவர் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இவ்வினப் பொருள்களை ஆராய்ந்தார். 1940-இல் அமெரிக்காவில் ரோக்கோ என்பவர் கண்ட முறையால் அவற்றைப் பெருமளவில் செய்வது இயன்றது. 1958-இல் சிலிகோன் இரப்பர் பொய்ப்பல்லின் மெத்தையாக ஆராயப்பட்டது.

சிலிகோன் இழை இயல்பாகவே வளைந்து கொடுப்பது. இதனை வெப்பக் கணக்கால் விளக்கலாம். ஒவ்வொரு பிளாஸ்டிக்கும் ஒரு குறிப்பிட்ட வெப்பநிலைக்குக் கீழே கண்ணாடி போல் விறைக்கிறது, மேலே இளகுகிறது. பொய்ப்பல் தட்டுக்குரிய அக்ரிலிக்குக்கு அவ்வெல்லை 100 பாகைக்கும் மேல். ஆகவே 37 பாகையுள்ள வாயில் அது விறைத்தே இருக்கும். இளக்கி இருந்தால்தான் இளகும். சிலிகோனுக்கோ அவ்வெல்லை பூச்சியத்துக்கும் கீழே 120 பாகையளவில் கிடக்கிறது. இரவல் வாங்காத மென்மை அது. திருப்பித் தரவேண்டிய கடனும் அதற்கு இல்லை. ஆகவே சிலிகோன் பூச்சு, இளக்கி கலந்த பூச்சை விட நெடுநாள் மெத்தென்று நிற்கிறது.

அப்படியாயின் எல்லோருக்கும் சிலிகோனையே இட்டுவிடலாமே என்று கேட்கத் தோன்றும். இங்கேதான் இயற்கை தன் கணக்கைச் சரி செய்கிறது. எதனோடும் எளிதில் ஒட்டாத அப்பொருள் அக்ரிலிக் தட்டோடும் நன்கு ஒட்டுவதில்லை. தனிப் பசை தடவி ஒட்டினாலும் விளிம்பில் உரியக்கூடும். உரிந்த இடுக்கில் உணவுத் துணுக்கு சேரும். 'காண்டிடா' என்னும் பூஞ்சை சேர்ந்து வாயைச் சிவக்கச் செய்யும். அக்ரிலிக் மெத்தையோ தட்டோடு ஒன்றிப்போகிறது, ஆனால் இறுகிவிடுகிறது. ஒன்று ஒட்டி இறுகுகிறது. மற்றொன்று மென்மையாய் நின்று உரிகிறது. இவ்விரு குறைகளுக்கும் நடுவேதான் பல் மருத்துவர் ஒவ்வொரு நோயாளிக்கும் ஏற்றதைத் தேர்ந்தெடுக்கிறார்.

ஆராய்ச்சி அங்கே நின்றுவிடவில்லை. தாலேட் இனத்துள் சில உடல்நலத்துக்குத் தீங்கானவை என்று தெரிந்து, ஐரோப்பிய நாடுகள் 2005-இல் குழந்தைகளின் விளையாட்டுப் பொருள்களில் அவற்றைக் கட்டுப்படுத்தின. மெத்தைப் பூச்சிலும் அவற்றுக்கு மாற்றாகச் சிட்ரேட் இனத்து இளக்கிகளை ஆராய்ந்தனர். இளக்கியை இழையோடு பிணைத்து வெளியேறாமல் நிறுத்தும் முறையும் உருவாயிற்று. தங்க வந்தவனை வீட்டாரோடு உறவாக்கிவிடும் முயற்சி என்று இதைச் சொல்லலாம்.

மாணவர்களே! இச்சரித்திரத்தால் உங்களுக்கு உண்டாகும் பயன் தேர்வுத்தாளோடு முடிவதன்று. உங்கள் வீட்டுப் பாட்டனாரோ பாட்டியாரோ பொய்ப்பல்லைக் கழற்றி வைத்துவிட்டுக் குழைந்த சோற்றை மட்டும் உண்பதைக் கண்டால், "வயதானால் அப்படித்தான்" என்று விட்டுவிடாதீர்கள். மெத்தைப் பூச்சு இட்டுக்கொண்டவரா என்று கேளுங்கள். எப்போது இட்டது, எப்போது மாற்றச் சொன்னார்கள் என்று கேளுங்கள். பூச்சு இறுகியிருந்தால் அதை நீக்கிப் புதிது இடலாம். அதற்காகப் பல்வரிசை முழுவதையும் மாற்றவேண்டும் என்பதில்லை. பல்தட்டைக் கொதிநீரில் போடலாகாது. வெளுக்கும் மருந்துகளை மருத்துவரைக் கேளாமல் உபயோகிக்கலாகாது. இரவில் கழற்றிச் சுத்தம் செய்து ஈற்றுக்கு ஓய்வு தரவேண்டும். கத்தியாலும் உப்புத்தாளாலும் வீட்டிலேயே தட்டைச் சுரண்டும் வழக்கத்தை அறவே விடவேண்டும்.

பழைய சிற்றுரல் இரும்பால் ஆனது. பாட்டனுக்குப்பின் பேரனுக்கும் பயன்படும். மெத்தைப் பூச்சு அத்தகையதன்று. ஈற்றைக் காப்பதற்காகத் தன் மென்மையைச் செலவிட்டுத் தீர்த்துக்கொள்ளும் பொருள் அது. தீர்ந்த நாளை அறிந்து மாற்றித் தருவது பிறர் கடமை. முதியவர் அதைத் தாமாகச் சொல்லமாட்டார். நோவைப் பொறுத்துக்கொள்ளவே அவர் பழகியிருக்கிறார். கேட்கவேண்டியவர்கள் இளையவர்களாகிய நீங்களே.